முப்பதாவது ஓவருக்குப் பிறகு பந்தை யார் கையில் கொடுப்பது?

டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். நல்ல உடல்நிலையில் இருக்கும் முன்னணி வேகப்பந்து வீச்சாளர் ஒரு நாளில் 18 முதல் 20 ஓவர் போடுவார். அதற்கு மேல் போட்டால் அடுத்த நாள் காலையில் வேகம் குறைந்திருக்கும். இரண்டு பேர் சேர்ந்து 40 ஓவர். சுழல் ஒரு 20, 25 ஓவர் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 25 முதல் 30 ஓவரை யார் போடுவார்?

ஒவ்வொரு வெளிநாட்டுத் தொடருக்கும் அணி அறிவிக்கப்பட்டதும் நமக்குள் நடக்கும் சண்டை முழுக்க அந்த முதல் 40 ஓவரைப் பற்றியதுதான். பும்ராவா கம்மின்ஸா, ஸ்டார்க்கின் வேகம் பெரிதா சிராஜின் உழைப்பு பெரிதா, யார் 150 தொடுகிறார் என்றே போகும். பேசுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் தொடர் அங்கே தீர்மானமாவதில்லை. பந்து மென்மையாகி, பளபளப்பு போய், இரண்டு பேட்ஸ்மேன்கள் செட் ஆகி நிற்கும் 30 முதல் 80 ஓவர் வரைக்கும் கேப்டன் யாரை நம்பிப் பந்தைக் கொடுக்கிறார் என்பதில்தான் பல தொடர்கள் கைமாறியிருக்கின்றன. இந்தியா ஆடிய இரண்டு பெரிய வெளிநாட்டுத் தொடர்களை, 2024-25 ஆஸ்திரேலியாவையும் 2025 இங்கிலாந்தையும், எடுத்துப் பார்த்தாலே இது தெரியும்.

ஆஸ்திரேலியாவில் பும்ரா 5 டெஸ்டில் 32 விக்கெட், சராசரி 13.06. ஒரு தொடரில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இதைவிட என்ன செய்ய முடியும்? ஆனாலும் 3-1 என்று தோற்றோம். பேட்டிங் சரியில்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதியைப் பார்க்க மெல்பர்னுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 91-க்கு 6. அங்கிருந்து 173-க்கு 9. கடைசி விக்கெட்டுக்கு லயனும் போலண்டும் சேர்ந்து 61 ரன் எடுத்தார்கள். வேகத்திலோ திறமையிலோ நமக்குக் குறை இருந்து அந்த ஜோடி நிற்கவில்லை. அந்த டெஸ்டில் பும்ரா முதல் இன்னிங்ஸில் 28.4 ஓவர், இரண்டாவதில் 24.4 ஓவர், ஆகமொத்தம் 53.2 ஓவர் வீசினார். இலக்கு 340 ஆனது, இந்தியா 155-க்குச் சுருண்டது. டெஸ்ட் முடிந்தது டிசம்பர் 30, அடுத்தது சிட்னியில் ஜனவரி 3. நடுவில் மூன்றே நாள் ஓய்வு. சிட்னியில் பும்ரா 10 ஓவர் போட்டதோடு முதுகுப் பிடிப்பு வந்து வெளியேறினார். நான்காவது இன்னிங்ஸில் 162 ரன் இலக்கை ஆஸ்திரேலியா எட்டும்போது அவர் பந்தைத் தொடவே இல்லை. தொடர் முழுக்க அவர் வீசியது 151.2 ஓவர்.

எதிரணியின் கணக்கையும் பாருங்கள். ஹேசல்வுட் காயத்தால் இரண்டு டெஸ்ட்தான் ஆடினார். அவர் இடத்தில் உள்ளே வந்த ஸ்காட் போலண்ட் மூன்றே டெஸ்டில் 21 விக்கெட் எடுத்தார். சிட்னியில் மட்டும் 10. தொடருக்கு முன்னால் நம் விவாதங்களில் போலண்ட் பெயரை எத்தனை பேர் எடுத்தோம்? கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட் என்று மூன்று பெயரோடு நிறுத்திக்கொண்டோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்காவது ஆள்தான் வித்தியாசம்.

போலண்ட் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் பெரும்பாலும் 130 முதல் 135 கிமீ வேகத்துக்காரர். 2021 பாக்ஸிங் டே டெஸ்டில், அறிமுக ஆட்டத்திலேயே, இங்கிலாந்துக்கு எதிராக 7 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்ததும் இதே வேகத்தில்தான். வேகத்தை மட்டும் வைத்து அணி எழுதுகிறவர்கள் பட்டியலில் இவர் வரவே மாட்டார்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகவே பேசலாம். பந்து கையை விட்டு பேட்ஸ்மேனிடம் வந்து சேரும் தூரம் ஏறக்குறைய 17.7 மீட்டர். காற்று உராய்விலும் பிட்ச்சில் படுவதிலும் குறையும் வேகத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 130 கிமீ வேகப் பந்து 0.49 விநாடியில் வரும். 140 என்றால் 0.455. வித்தியாசம் 0.035 விநாடி. இது சின்ன விஷயமே இல்லை, பவுன்சருக்கும் யார்க்கருக்கும் அந்த இடைவெளிதான் உயிர். ஆனால் பந்து தரையில் பட்ட பிறகு அரை மட்டை அகலம் நகர்ந்தால், 130-லும் பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு எட்ஜ் வரும். நகராவிட்டால், செட் ஆன பேட்ஸ்மேனுக்கு 145-ம் பழகிவிடும். அதனால் வேகத்தை நான் பார்க்கும் இடம் வேறு. முதல் ஸ்பெல்லில், அதாவது தொடர்ச்சியாகப் போடும் முதல் சில ஓவரில், என்ன வேகம் என்பதைக் குறித்துக்கொண்டு, மூன்றாவது ஸ்பெல்லில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பேன். காலையில் 142, மாலையில் 138 என்றால் டெஸ்டுக்கு ஆள். காலையில் 148, மாலையில் 132 என்றால் அவரை எப்படிக் காப்பாற்றிப் பயன்படுத்துவது என்று கேப்டன் தனியாகத் திட்டம் போட வேண்டும்.

ஐபிஎல் பார்த்து டெஸ்ட் அணி எழுதுவதில் வரும் சிக்கலும் இதுதான். உம்ரான் மாலிக், மயங்க் யாதவ் போன்றவர்கள் 155-ஐத் தாண்டியபோது எல்லாருக்கும் சிலிர்த்தது, எனக்கும்தான். ஆனால் அங்கே ஒரு ஆட்டத்துக்கு 4 ஓவர். அதையும் பெரும்பாலும் இரண்டு மூன்று துண்டாகப் போடுவார்கள். டெஸ்டில் ஒரு ஸ்பெல்லே 6, 7 ஓவர் போகும். மதியம் வெயிலில் திரும்ப வந்து அதே லெங்த்தில், அதாவது பிட்ச்சில் அதே தூரத்தில் குத்தி, இன்னொரு 6 ஓவர் போட வேண்டும். அதற்கு முதல்தரப் போட்டிகளில் ஓவர்கள் சேர்ந்திருக்க வேண்டும். எலும்பும் தசைநாரும் அந்தச் சுமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். 4 ஓவரிலிருந்து திடீரென்று வாரத்துக்கு 40 ஓவருக்குத் தாவினால் முதலில் சொல்வது விலாப்பக்கத் தசை, அதற்கப்புறம் கீழ்முதுகு.

அடுத்து பந்து. எந்தத் தொடரைப் பற்றிப் பேசினாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, அங்கே என்ன பந்து என்பதுதான். விதிப்படி எல்லாப் பந்தும் 155.9 முதல் 163 கிராம் எடை, 22.4 முதல் 22.9 செமீ சுற்றளவு. எல்லாவற்றிலும் தையல் ஆறு வரிசை. ஆனால் தைக்கும் விதம் வேறு. டியூக்ஸ் கம்பெனிப் பந்தில் ஆறு வரிசையும் கையால் தைத்தது. தையல் மேடாக நிற்கும், நீண்ட நேரம் அமுங்காது. மேலே பூசும் அரக்கும் கெட்டி, பளபளப்பு நிற்கும். இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இதுதான். குகாபுரா கம்பெனிப் பந்தில் நடுவில் உள்ள இரண்டு வரிசை மட்டும் கையால், வெளியே உள்ள நான்கும் இயந்திரத்தால். விரலை வைத்துத் தடவினால் வெளி வரிசைகள் தோலோடு தோலாகப் படுத்திருப்பது தெரியும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இலங்கை எல்லாம் இந்தப் பந்துதான். நம் ஊர் எஸ்ஜி பந்து மீரட்டில் கையால் தைக்கப்படுவது. தையல் நன்றாக மேடாக இருக்கும், ஆனால் நம் காய்ந்த மைதானங்களில் பளபளப்பு சீக்கிரம் போய்விடும்.

இதனால் என்ன ஆகிறது? குகாபுரா 20, 25 ஓவர் வரைக்கும் பேசும், அதற்குப் பிறகு அமைதியாகிவிடும். அப்போது உயரத்தை வைத்து எகிற வைப்பவரோ, பிட்ச்சை ஓங்கி அடிப்பவரோ, பொறுமையாக ஒரே இடத்தில் போடுபவரோ வேண்டும். டியூக்ஸில் 40, 50 ஓவர் ஆன பந்தும் நகரும் என்று எதிர்பார்க்கலாம், அதனால் வேகம் குறைந்த ஸ்விங் பவுலருக்கும் நாள் முழுக்க வேலை இருக்கும். எஸ்ஜியில் கொஞ்ச நேரம் ஸ்விங், பிறகு ஒரு பக்கம் சொரசொரப்பாகி ரிவர்ஸ், அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைவது. ரஞ்சியில் எஸ்ஜி வைத்து 40 விக்கெட் எடுத்தவர் பிரிஸ்பேனில் அதே மாதிரி எடுப்பார் என்று எழுதும்போது, பந்து மாறிவிட்டதைக் கணக்கில் எடுக்க வேண்டும். கடந்த சில ஆண்டுகளாக ஆஸ்திரேலியாவில் குகாபுராவின் தையலும் முன்பைவிடத் தூக்கலாக வருகிறது, பிட்ச்சிலும் புல் கூடுதலாக விடுகிறார்கள். அதனால் பத்து வருடத்துக்கு முந்தைய எண்களை வைத்து வாதாடுவதும் சரியாக வராது.

2025 இங்கிலாந்துத் தொடரில் டியூக்ஸ் பந்தே பிரச்சினையானது. 30 ஓவருக்குள் மென்மையாகி வடிவம் மாறியது. லார்ட்ஸ் டெஸ்டின் இரண்டாம் நாள் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது புதுப் பந்தில் பும்ரா ஸ்டோக்ஸ், ரூட், வோக்ஸ் மூவரையும் தூக்கினார். இங்கிலாந்து 271-க்கு 7. 10.2 ஓவர் ஆனதும் அந்தப் பந்து நடுவர் அளவு பார்க்கும் வளையத்துக்குள் நுழையவில்லை, மாற்றினார்கள். வந்த மாற்றுப் பந்து அந்த அளவுக்கு நகரவே இல்லை. கேப்டன் கில் நடுவரிடம் வாதாடியதை எல்லாரும் பார்த்தோம். ஜேமி ஸ்மித்தும் கார்ஸும் 84 ரன் சேர்த்தார்கள். நாம் அந்த டெஸ்டைத் தோற்றது 22 ரன்னில். பந்து மாற்றக் கேட்கும் முன் கேப்டன் யோசிக்க வேண்டியது இது: இப்போது கையில் இருக்கும் பந்து வடிவம் கெட்டிருந்தாலும் நகர்கிறதா? நகர்ந்தால் கேட்கவே கூடாது. மாற்றுப் பந்துப் பெட்டியிலிருந்து வருவது அதே வயதுள்ள பந்து என்பார்கள், ஆனால் அது எப்படி அடிபட்டு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

லெங்த் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஸ்டம்ப்பின் உயரம் 71.1 செமீ. இங்கிலாந்தில் ஸ்டம்ப்பிலிருந்து 6, 7 மீட்டரில் குத்தினால் பந்து ஸ்டம்ப்பின் தலையில் வந்து படும். அதே லெங்த் பெர்த்திலோ பிரிஸ்பேனிலோ ஸ்டம்ப்புக்கு மேலே போய்விடும். திரையில் பார்க்க அற்புதமாக இருக்கும், பேட்ஸ்மேன் ஓவருக்கு இரண்டு முறை ஏமாறுவார், கமெண்டரியில் துரதிர்ஷ்டம் என்பார்கள். துரதிர்ஷ்டம் எதுவும் இல்லை, லெங்த் குட்டை. இன்னும் ஒரு மீட்டர் முன்னால் போட்டால் அதே பந்து எட்ஜ் வாங்கும், அல்லது காலில் வாங்கி எல்பிடபிள்யூ. ஆனால் முன்னால் போட்டால் டிரைவில் நான்கு போகும் என்ற பயம் இருக்கும். அந்த நான்கைக் கொடுக்கத் துணிகிறவர்தான் அங்கே விக்கெட் எடுப்பார். இஷாந்த் சர்மா இதற்கு நல்ல சான்று. பல ஆண்டுகள் பேட்டை ஏமாற்றியே ஓய்ந்தவர், 2018-ல் சசெக்ஸில் ஜேசன் கில்லெஸ்பியுடன் வேலை செய்தபின் லெங்த்தை முன்னால் கொண்டுவந்தார். அதற்குப் பிறகான இஷாந்த் வேறு ஆள். அந்த ஆண்டுக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் பும்ரா 21, ஷமி 16, இஷாந்த் 11 என்று மூவருமாக எடுத்துத் தொடரை 2-1 என்று வென்றோம்.

அதே தொடரின் பெர்த் டெஸ்ட்டையும் மறக்கக் கூடாது. பச்சைப் பிட்ச்சைப் பார்த்து இஷாந்த், ஷமி, பும்ரா, உமேஷ் என்று நான்கு வேகத்தை இறக்கி, முழுநேரச் சுழற்பந்து வீச்சாளர் இல்லாமல் ஆடினோம். அவர்களுடைய சுழற்பந்து வீச்சாளர் லயன் 8 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். நாம் 146 ரன்னில் தோற்றோம். வேகத்தை நான்காக்கினால் மட்டும் போதாது. நடு ஓவர்களில் ஒரு முனையை மூடிவைக்கும் ஆள் சுழலாகவும் இருக்கலாம், அப்படி ஒருவர் இல்லாவிட்டால் வேகம் போடுகிற நான்கு பேரும் சேர்ந்து களைத்துப் போவார்கள்.

இனி நான்காவது வேகத்தைப் பற்றிய மிகப் பெரிய ஏமாற்று: எட்டாம் நம்பர் பேட்டிங். ரன்னும் எடுப்பார், கொஞ்சம் பந்தும் போடுவார் என்று ஒருவரைச் சேர்ப்பது. 2025 இங்கிலாந்துத் தொடரின் ஹெடிங்லி டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து இந்தியா 182 ஓவருக்கு மேல் வீசியது. அதில் ஷர்துல் தாக்கூருக்குக் கிடைத்தது 16 ஓவர். இரண்டாவது இன்னிங்ஸில் டக்கெட்டையும் புரூக்கையும் அடுத்தடுத்த பந்தில் எடுத்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் 16 ஓவர்தான் கொடுக்கப் போகிறோம் என்றால் அந்த இடத்தில் பவுலர் இருந்தும் இல்லாத கதைதான். பேட்டிங் ஆழத்துக்காக என்று சொன்னார்கள். முதல் இன்னிங்ஸில் கடைசி 7 விக்கெட் 41 ரன்னுக்கும், இரண்டாவதில் கடைசி 6 விக்கெட் 31 ரன்னுக்கும் விழுந்தன. 371 ரன்னை இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு எட்டிவிட்டது. முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்த பும்ராவுக்கு இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை.

ஷர்துல் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. 2021-ல் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் நடந்த டெஸ்டில் அவர் எடுத்தது 7 விக்கெட். அங்கே அவருக்கு முழு பவுலராக வேலை கொடுத்தார்கள், முதல் இன்னிங்ஸில் மட்டும் 24 ஓவர். அந்த டெஸ்டை இந்த விவாதத்தில் யாராவது எடுக்காமல் இருந்தால் நானே எடுப்பேன். பும்ரா, ஷமி, உமேஷ், அஸ்வின், ஜடேஜா எல்லாரும் காயம். சிராஜுக்கு அதற்கு முன் 2 டெஸ்ட் அனுபவம், சைனிக்கு 1, ஷர்துலுக்கு 1. சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல் டெஸ்ட். சைனி 7.5 ஓவரில் தசைப்பிடிப்போடு வெளியே போனார். ஆனாலும் சுமை பங்கிடப்பட்டது: சிராஜ் 28, வாஷிங்டன் 31, நடராஜன் 24.2, ஷர்துல் 24. நடராஜன் 3, வாஷிங்டன் 3, ஷர்துல் 3 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸில் சிராஜுக்கு 73 ரன்னுக்கு 5. பெரிய பெயர் ஒன்றுகூட இல்லாத தாக்குதல், ஆனால் ஒவ்வொரு ஓவருக்கும் ஆள் இருந்தது.

நடராஜன் பெயர் வந்ததால் இடக்கை வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இடக்கை வேகம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் கோணத்தை மட்டும்தான் சொல்வார்கள். இன்னொரு லாபம் தரையில் இருக்கிறது. இடக்கைக்காரர் ஓவர் தி விக்கெட், அதாவது வீசும் கை ஸ்டம்ப் பக்கம் இருக்கும்படி, போட்டு ஓடி முடிக்கும் இடம், அந்த முனையில் நின்று ஆடும் வலக்கை பேட்ஸ்மேனின் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே கீறலாகிவிடும். நான்காம் நாள் ஆஃப் ஸ்பின்னர் எதிர்முனையிலிருந்து அந்தக் கீறலில் குத்துவார். லயனுக்கு ஸ்டார்க் வருடக்கணக்காகச் செய்துவரும் உதவி இது. ஆஃப் ஸ்பின்னர் வாஷிங்டன் அணியில் இருக்கிறார் என்றால், அர்ஷ்தீப் போன்ற இடக்கை வேகக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

முனை என்பதும் முக்கியம். லார்ட்ஸ் மைதானம் வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய 2.5 மீட்டர் சரிந்திருக்கிறது. பெவிலியன் முனையிலிருந்து போட்டால் சரிவு பந்தை வலக்கை பேட்ஸ்மேனுக்கு உள்ளே கொண்டுவரும். நர்சரி முனையிலிருந்து வெளியே இழுக்கும். உள்ளே கொண்டுவருகிறவரை எந்த முனையில் வைப்பது என்பது அணித் தேர்வின்போதே முடிவாகியிருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஒரே முனைதான் பொருந்தும் என்றால் ஒருவர் வீண்.

இப்போது சிராஜ். அவரைப் பற்றி நாம் பேசும்போது உழைப்பு, மனசு என்றே சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் கையில் இருக்கும் வேலையைப் பேசுவதில்லை. அவருடைய ஆயுதம் வொபிள் சீம். சாதாரண ஸ்விங்குக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இரு பக்கமும் ஒட்டி இருக்கும், மணிக்கட்டு பின்னாலேயே நின்று, விரல் பந்தை நேர்கோட்டில் பின்புறமாகச் சுழற்றிவிடும், தையல் ஆடாமல் நிமிர்ந்து போகும். வொபிளுக்கு விரல்களைக் கொஞ்சம் அகட்டி, பிடியைத் தளர்த்தி விட வேண்டும். தையல் பம்பரம் தலை சாய்வதுபோல இரு பக்கமும் ஆடிக்கொண்டே போகும். தரையில் தையல் பட்டால் ஒரு திசை, தோல் பட்டால் நேராகச் சறுக்கும். எந்தப் பக்கம் போகும் என்று வீசியவருக்கே தெரியாது, அப்படியிருக்க பேட்ஸ்மேன் மணிக்கட்டைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பார்? ஸ்விங் நின்றுபோன 25-வது ஓவருக்குப் பிறகு இதற்குத்தான் மதிப்பு. ஆண்டர்சன் 2010-ல் முகமது ஆசிஃப் வீசுவதைப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டார்.

இதில் தப்புவது இரண்டு இடத்தில். பிடி அளவுக்கு மேல் தளர்ந்தால் வேகம் 5, 6 கிமீ விழுந்து, பந்து மிதந்து வரும். இரண்டாவது, லெங்த் குட்டையானால் நகர்வு பேட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விடும், எட்ஜ் வராது. ஸ்டம்ப்பைத் தாக்கும் லெங்த்தில் இருந்தால் உள்ளே வருவது எல்பிடபிள்யூ, நேராகப் போவது ஸ்லிப்புக்கு. 2025 எட்ஜ்பாஸ்டன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 70 ரன்னுக்கு 6 என்று சிராஜ் எடுத்தபோது பெரும்பாலும் அந்த லெங்த்தில்தான் நின்றார். மறுபக்கம் ஆகாஷ் தீப். கிரீஸின் ஓரத்துக்குப் போய், கோணத்தில் உள்ளே வரும் என்று காட்டி, தரையில் பட்டதும் நேராக்கிவிடும் பந்து. இரண்டாவது இன்னிங்ஸில் ரூட்டின் ஸ்டம்ப்பைச் சாய்த்தது அப்படி ஒன்றுதான். அந்த டெஸ்டில் அவருக்கு 187 ரன்னுக்கு 10.

எட்ஜ்பாஸ்டனில் பும்ரா ஆடவில்லை, 336 ரன்னில் வென்றோம். ஓவலிலும் ஆடவில்லை, வென்றோம். அவர் ஆடிய மூன்றில் இரண்டு தோல்வி, ஒரு டிரா. இதை வைத்து பும்ரா இல்லாமலே இந்தியா நன்றாக ஆடுகிறது என்று வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வெந்துபோகிறது. எட்ஜ்பாஸ்டனில் முதல் இன்னிங்ஸில் மட்டும் 587 அடித்திருந்தோம். ஹெடிங்லியில் கடைசி வரிசை சரிந்தது, கேட்ச்கள் நழுவின. 200 டெஸ்ட் விக்கெட்டை 20-க்கும் குறைந்த சராசரியில் எட்டிய முதல் ஆள் பும்ரா. குறுகிய ஓட்டம், முன்காலை இரும்புக்கம்பி போல ஊன்றி நிறுத்தி, அத்தனை விசையையும் கீழ்முதுகு வழியாகத் தோளுக்கு ஏற்றும் செயல்முறை. அந்த முதுகு 2019-ல் ஒரு முறை விரிசல் கண்டது, 2022-ல் மறுபடியும், 2023-ல் அறுவை சிகிச்சை நடந்தது. தொடருக்கு முன்பே மூன்று டெஸ்ட்தான் என்று சொல்லிவிட்டது சரியான முடிவு. மான்செஸ்டரில் ஒரே இன்னிங்ஸில் 33 ஓவர் வீச நேர்ந்ததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அங்கே ஏன் 33? அர்ஷ்தீப்புக்குக் கையில் வெட்டு, ஆகாஷ் தீப்புக்குத் தொடையிடுக்கில் வலி. தொடரின் நடுவில் அழைக்கப்பட்டு வந்த அன்ஷுல் காம்போஜ் அறிமுகமானார். சிஎஸ்கே ஆட்டங்களில் நாம் பார்த்த அதே காம்போஜ். 2024 நவம்பரில் கேரளாவுக்கு எதிராக ரஞ்சியில் ஒரே இன்னிங்ஸில் 10 விக்கெட்டும் எடுத்தவர். திறமையில் குறையே இல்லை. ஆனால் விமானத்திலிருந்து இறங்கி, பழகாத பந்தோடு, அடித்து ஆடும் பேட்டிங் வரிசைக்கு எதிரே இறங்கினால் என்ன ஆகும்? 18 ஓவர், 89 ரன், 1 விக்கெட், வேகமும் கீழே போனது. இங்கிலாந்து 669 எடுத்தது. ஐந்து டெஸ்ட் தொடருக்கு ஆறாவது, ஏழாவது வேகப்பந்து வீச்சாளரும் முதல் நாளிலிருந்தே அணியோடு இருந்து, வலைப்பயிற்சியில் வாரத்துக்கு 25, 30 ஓவர் அந்த ஊர்ப் பந்தில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாம் பட்டியல் போடும்போதும் மூன்று பெயரோடு நிறுத்தாமல் ஏழு பெயர் எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடந்த மூன்று மாதத்தில் சிவப்புப் பந்தில் எத்தனை ஓவர், அட்டவணையில் எந்த இரண்டு டெஸ்டுக்கு நடுவே மூன்று நாள் ஓய்வுதான் இருக்கிறது, அங்கே யாரை வெளியே வைப்பது, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பேசினால் சண்டையே வேறு மாதிரி இருக்கும். 2025-ல் எட்ஜ்பாஸ்டனுக்கும் லார்ட்ஸுக்கும் நடுவே மூன்று நாள், மான்செஸ்டருக்கும் ஓவலுக்கும் நடுவே மூன்று நாள். ஐந்து டெஸ்டும் ஐந்தாம் நாள் வரை போனது.

அந்த ஐந்தையும் ஆடிய ஒரே இந்திய வேகப்பந்து வீச்சாளர் சிராஜ். ஓவலில் ஐந்தாம் நாள் காலை, இங்கிலாந்து 374-ஐ விரட்டி 339-க்கு 6. இன்னும் 35 ரன். பிரசித் கிருஷ்ணாவின் முதல் இரண்டு பந்தும் ஓவர்டன் பேட்டிலிருந்து நான்கு. 76.2 ஓவர் ஆன பந்து அது. சிராஜ் ஸ்மித்தைக் கீப்பரிடம் கொடுக்க வைத்தார், ஓவர்டனை எல்பிடபிள்யூ ஆக்கினார். 80 ஓவர் முடிந்ததும் புதுப் பந்து எடுக்கலாம். எடுக்கவில்லை. மேகமூட்டத்தில் பழைய பந்து நகர்ந்துகொண்டிருந்தது, புதுப் பந்து கெட்டியாக இருக்கும், எட்ஜ் பட்டாலும் எல்லைக்கு ஓடும், தேவையோ ஏறக்குறைய இருபது ரன்தான். பிரசித் டங்கை யார்க்கரில் வீழ்த்தினார். வோக்ஸ் தோள் எலும்பு விலகிய கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு எதிர்முனையில் வந்து நின்றார். 7 ரன் இருந்தால் வெற்றி. அப்போது சிராஜ் அந்த இன்னிங்ஸில் தன் 30.1-வது ஓவரை, தொடரில் 1,113-வது பந்தை வீசினார். 143 கிமீ, யார்க்கர், அட்கின்சனின் ஆஃப் ஸ்டம்ப்.